ஹவுராவின் ஊர்ப்பெயர்கள்

கங்கையின் மேல்கரையில் அமைந்த இந்நகருக்குப் பிழைப்பு நாடி வந்த தமிழராகிய நாம், நாள்தோறும் பல இடப்பெயர்களை நாவில் வழங்குகிறோம். அவற்றின் பொருளை நின்று எண்ணுவோர் சிலரே. ஊர்ப்பெயரின் அருமை தமிழர்க்குப் புதிதன்று. மரமும் மடுவும் ஊர்ப்பெயராய் நிற்கும் திறத்தை ரா. பி. சேதுப்பிள்ளை அவர்கள் 'ஊரும் பேரும்' என்னும் நூலில் இனிது விளக்கியுள்ளார்கள். அவ்வழி நின்று நோக்கின் ஹவுராவின் தெருக்களும் பேசத் தொடங்கும்.

கதம்தலா என்பது கடம்ப மரத்தடி. நம் கடம்பூருக்கு அஃது உறவு. பத்மபுகூர், தாமரைக் குளம். வங்கமொழியில் 'டுமுர்' என்பது அத்தி. 'ஜலா' என்பது நீர் தேங்கும் சதுப்பு. அத்தியும் சதுப்பும் கூடிய டுமுர்ஜலாவில் இன்று விளையாட்டரங்கம் விளங்குகிறது. பில்கானா என்னும் பாரசீகச் சொல்லுக்கு யானைக் கொட்டில் என்பது பொருள். இன்றோ அங்கே யானை திரும்பவும் இடமில்லை. அத்துணை நெருக்கமான குடியிருப்பு!

ஹவுரா என்ற பெயரையே 'ஹாவோர்' என்னும் சொல்லோடு இயைத்து, சேறும் நீரும் தேங்கும் தாழ்நிலம் என்று பொருள் கூறுவர். நிலத்தின் இயல்புக்கு அது பொருந்துவதே. ஆயினும் அச்சொல் கிழக்கு வங்கத்தில்தான் பெருவழக்காய் உள்ளது. 1714ஆம் ஆண்டுக் கும்பெனிக் குறிப்பேட்டிலோ இவ்வூர் 'ஹரிரா' என்றே காணப்படுகிறது. ஆதலின், அதனை முடிந்த முடிபாகக் கொள்ள நாம் தயங்குகிறோம்.

பாதுஷா பரூக்சியரிடம் கும்பெனியார் வேண்டிய 38 ஊர்களின் பட்டியல் அக்குறிப்பேட்டில் உள்ளது. அவற்றுள் ஐந்து இக்கரையைச் சார்ந்தவை: சால்கியா, ஹரிரா, காசுந்தியா, ராமகிருஷ்ணபூர், பட்டார். இறுதியிற் கூறிய பட்டாரே பேதோர் என்னும் பழந்துறை. பதினாறாம் நூற்றாண்டில் வந்த வெனிஸ் வணிகர் சீசர் பெடரிச்சி இதனைக் குறித்துள்ளார். சப்தகிராமம் வரை செல்லவியலாத பெருங்கப்பல்கள் இங்கே நங்கூரமிடும். உடனே வைக்கோலால் ஒரு சந்தை எழும். கப்பல்கள் திரும்பும்போது அதனை எரித்துவிடுவர். ஆண்டுதோறும் எழுந்தெரிந்த அவ்வூருக்குப் பெயரன்றி வேறு சான்று யாது?

1764இல் வங்க ஆறுகளை அளக்கத் தொடங்கிய ஜேம்ஸ் ரென்னலின் படங்களில் ஆறுகளும் வழிகளும் உண்டு. தெருக்கோடிக் குளத்திற்கு அவற்றில் இடமேது? அதனைக் குறித்து வைப்பது அங்கு வாழ்வோர் கடன். பெயரைக் குறிக்குங்கால் முதலில் வங்க எழுத்திலேயே எழுதிக்கொள்ளுதல் நலம். ககரத்திற்கும் பகரத்திற்கும் நம் எழுத்தில் ஒலிவேற்றுமை காட்ட இயலாது. ஆங்கில எழுத்தோ சால்கியாவைச் 'சாலிகா' ஆக்கியது. சொன்னவர் வயதையும் கேட்ட நாளையும் உடன் குறித்தல் வேண்டும்.

ஒரு ஞாயிறன்று நாம் ஏடும் எழுதுகோலுமாய்ச் சென்றபோது, முதிய வங்காளி அன்பர் ஒருவர், செங்கல் வீடுகள் நிறைந்த சந்தொன்றில் தம் கைத்தடியால் கோடு கிழித்து, "குளத்தின் கரை இதுவரை" என்றார். உடனிருந்த அவர் மகன் அதனை அன்றுதான் கேட்டார். ஆடி மழையில் மீண்டும் அவ்வழி சென்றோம். முழங்காலளவு நீர் நின்றது. அவர் கிழித்த கோட்டோடு நின்றது.