73-க்கு 73: அமெரிக்காவின் பன்னிரண்டாவது திருத்தம் பிறந்த கதை

அமெரிக்காவில் அதிபர் தேர்தல் வந்தால் பெயர்கள் இரண்டிரண்டாகத்தான் வரும். ரீகன்–புஷ், ஒபாமா–பைடன், பைடன்–ஹாரிஸ். முதல் பெயருக்கு ஓட்டுப் போட்டால் இரண்டாவது பெயருக்கும் போட்டதாகவே அர்த்தம். ஆனால் 1787-ல் பிலடெல்பியாவில் உட்கார்ந்து அரசியலமைப்பை எழுதியவர்கள் இப்படியொரு ஜோடியை நினைத்தே பார்க்கவில்லை. அவர்கள் போட்ட கணக்கு வேறு. அந்தக் கணக்கு அமலுக்கு வந்த பன்னிரண்டே வருடத்தில் நாட்டைக் கலவரத்தின் விளிம்புக்குக் கொண்டுபோனது. அதற்குப் பிறகு அவசரமாகப் போடப்பட்டதுதான் பன்னிரண்டாவது திருத்தம்.

முதலில் அந்தப் பழைய கணக்கைப் பார்த்துவிடுவோம். அதிபரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. ஒவ்வொரு மாநிலமும் அனுப்பும் தேர்வாளர்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். இவர்களை இஷ்டப்படி விட்டால் வர்ஜீனியாக்காரர் வர்ஜீனியாக்காரருக்கும் மாசசூசெட்ஸ்காரர் மாசசூசெட்ஸ்காரருக்கும் போட்டுவிட்டுப் போவார்கள் என்ற பயம் இருந்தது. அதனால் ஒவ்வொருவருக்கும் இரண்டு ஓட்டு கொடுத்தார்கள். இரண்டில் ஒன்றாவது வெளிமாநிலத்தவருக்குப் போக வேண்டும். இது அதிபருக்கு, இது துணை அதிபருக்கு என்று பிரித்து எழுத வழி கிடையாது. பெரும்பான்மையோடு முதலில் வருபவர் அதிபர். அடுத்து வருபவர் துணை அதிபர். இரண்டாவது ஓட்டை யாரும் வீணடிக்கக் கூடாது என்பதற்காகவே துணை அதிபர் பதவி பிறந்தது என்றுகூடச் சொல்லலாம்.

ஜார்ஜ் வாஷிங்டன் இருந்தவரை இந்த ஏற்பாட்டின் குறை பெரும்பாலோர் கண்ணில் படவில்லை. 1789-ல் 69 தேர்வாளர்களும் ஒரு ஓட்டை அவருக்குப் போட்டார்கள். ஜான் ஆடம்ஸ் 34 பெற்றுத் துணை அதிபரானார். இத்தனைக்கும் அலெக்சாண்டர் ஹாமில்டன் அப்போதே ஆபத்தை மோப்பம் பிடித்திருந்தார். எல்லோரும் இரண்டாவது ஓட்டை ஆடம்ஸுக்கே போட்டால் சமநிலை வந்துவிடும் என்று சொல்லி, சிலரைப் போடாமல் தடுத்தார்.

வாஷிங்டன் விலகியதும் கட்சிகள் வெளிப்படையாக வரிந்துகட்டி நின்றன. ஒரு பக்கம் ஆடம்ஸ், ஹாமில்டனின் ஃபெடரலிஸ்டுகள். மறுபக்கம் தாமஸ் ஜெஃபர்சனின் ரிபப்ளிகன்கள். (இன்றைய ரிபப்ளிகன் கட்சி வேறு, அது 1854-ல் தோன்றியது.) 1796 தேர்தலில் ஆடம்ஸுக்கு 71, ஜெஃபர்சனுக்கு 68. சட்டப்படி ஆடம்ஸ் அதிபர், அவரை எதிர்த்து நின்றவரே துணை அதிபர். நான்கு வருடம் ஒரே அரசுக்குள் ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் குடித்தனம் நடத்தின. துணை அதிபர் ஜெஃபர்சன், ஆடம்ஸ் அரசின் சட்டங்களுக்கு எதிராக கென்டகி மாநிலம் நிறைவேற்றிய தீர்மானங்களை ரகசியமாக எழுதிக் கொடுத்தார்.

அதே தேர்தலில் இன்னொரு சங்கதியும் நடந்தது. ஜெஃபர்சனுக்கு இருபது ஓட்டுப் போட்ட வர்ஜீனியா, அவருடைய கட்சியின் மற்றொரு வேட்பாளரான நியூயார்க்கின் ஆரன் பர்ருக்கு ஒன்றே ஒன்று போட்டது. பர் அதை மறக்கவில்லை. 1800 தேர்தல் வந்தபோது அவர் கை ஓங்கியிருந்தது. வார்டு வார்டாக ஆள் திரட்டி, நியூயார்க் நகரின் சட்டமன்ற இடங்களை அவர் ரிபப்ளிகன்களுக்கு வாங்கிக் கொடுத்தார். அந்தச் சட்டமன்றம்தான் மாநிலத்தின் 12 தேர்வாளர்களையும் நியமிப்பது. 1796-ல் ஆடம்ஸிடம் இருந்த 12 ஓட்டும் அப்படியே கைமாறின. இந்த முறை தெற்கத்தியர்கள் என்னைக் கைவிடக் கூடாது என்று பர் தரப்பு உறுதி கேட்டது. கிடைத்தது.

உறுதியை எல்லோரும் ஒழுங்காகக் காப்பாற்றியதுதான் விபரீதம். ஃபெடரலிஸ்டுகள் ரோட் ஐலண்டில் ஒரு ஓட்டைத் திருப்பி ஜான் ஜேவுக்குப் போட்டு, அதிபருக்கு ஆடம்ஸ் 65, துணை அதிபருக்கு பிங்க்னி 64 என்று தங்கள் வரிசையைச் சரியாக வைத்திருந்தார்கள். ரிபப்ளிகன்களில் அந்த ஒரு ஓட்டை யார் குறைப்பது? பக்கத்து மாநிலம் பார்த்துக்கொள்ளும் என்று ஒவ்வொருவரும் நினைத்தார்கள். ஒருவரும் குறைக்கவில்லை. ஜெஃபர்சன் 73, பர் 73.

1801 பிப்ரவரி 11 அன்று பாதி கட்டி முடித்த கேபிடல் கட்டடத்தில் ஓட்டு எண்ணிக்கை. வெளியே பனி. துணை அதிபர் என்ற முறையில் செனட்டுக்குத் தலைவர் ஜெஃபர்சன். ஆகவே உறைகளைப் பிரிக்கும் பொறுப்பும் அவருடையது. வேட்பாளரே தன் ஓட்டைப் பிரிக்கிறார். ஜார்ஜியாவிலிருந்து வந்த தாள் முறைப்படி இல்லை. இருக்க வேண்டிய சான்று வாசகங்கள் அதில் குறைந்தன. யாரும் ஆட்சேபிக்கவில்லை. ஜார்ஜியாவின் நான்கு ஓட்டும் அவர் கணக்கிலேயே சேர்ந்தன.

சமநிலை என்றால் பிரதிநிதிகள் சபை முடிவு செய்ய வேண்டும். பெரிதோ சிறிதோ, மாநிலத்துக்கு ஒரு ஓட்டு. பதினாறு மாநிலங்களில் ஒன்பது கிடைத்தால் அதிபர். ஆனால் அது தேர்தலில் தோற்று வீட்டுக்குப் போகவிருந்த பழைய சபை. ஃபெடரலிஸ்டுகளின் கை அங்கே ஓங்கியிருந்தது. ஜெஃபர்சனை வெறுத்த அவர்கள் பர்ருக்கு ஓட்டுப் போடத் தொடங்கினார்கள். முதல் சுற்று முடிவு: ஜெஃபர்சனுக்கு எட்டு, பர்ருக்கு ஆறு. வெர்மான்ட்டும் மேரிலாண்டும் உறுப்பினர்கள் சரிபாதியாகப் பிரிந்ததால் எந்தக் கணக்கிலும் வரவில்லை.

மேரிலாண்ட் உறுப்பினர் ஜோசப் நிக்கல்சனுக்குக் கடும் காய்ச்சல். அவர் வராவிட்டால் மாநிலம் பர் பக்கம் சாய்ந்துவிடும். கொட்டும் பனியில் படுக்கையோடு அவரைத் தூக்கி வந்து சபைக்குப் பக்கத்து அறையில் கிடத்தினார்கள். மனைவி அருகிலேயே இருந்து கவனித்துக்கொண்டார். ஒவ்வொரு சுற்றுக்கும் ஓட்டுப் பெட்டி அவர் படுக்கைக்குப் போனது. ஜெஃபர்சன் பெயரைப் போட்டுவிட்டு அவர் மறுபடி சாய்ந்துகொள்வார். முதல் நாள் விடிய விடிய நடந்தது. முடிவு மாறவில்லை.

ஆறு நாளில் முப்பத்தைந்து சுற்று. பதவியேற்பு நாளான மார்ச் 4-க்குள் அதிபர் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று சட்டத்தில் தெளிவில்லை. பென்சில்வேனியா, வர்ஜீனியா ஆளுநர்கள் படை திரட்டவும் ஆயத்தமானார்கள். பர் நியூயார்க் மாநிலத்திலேயே இருந்தார். விலகிக்கொள்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஹாமில்டனோ கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினார்: ஜெஃபர்சனின் கொள்கை எனக்குப் பிடிக்காது, ஆனால் பர்ருக்குக் கொள்கையே கிடையாது என்பது அவற்றின் சாரம். அந்தக் கடிதங்கள் போய்ச் சேர்ந்தவர்களில் ஒருவர், டெலவேரின் ஒரே உறுப்பினரான ஃபெடரலிஸ்ட் ஜேம்ஸ் பேயர்ட். ஒற்றை ஆள், ஆனால் கையில் முழுதாக ஒரு மாநில ஓட்டு.

பிப்ரவரி 17 அன்று, முப்பத்தாறாவது சுற்றில் பேயர்ட் வெற்றுச் சீட்டுப் போட்டார். வெர்மான்ட்டின் ஃபெடரலிஸ்ட் உறுப்பினர் அவைக்கு வரவில்லை. மேரிலாண்டில் எதிர்த்தவர்களும் வெற்றுச் சீட்டுப் போட்டார்கள். ஜெஃபர்சனுக்குப் பத்து மாநிலங்கள். அதாவது ஒரு ஃபெடரலிஸ்ட்கூட அவருக்கு ஓட்டுப் போடாமலேயே அவரை அதிபராக்கிவிட்டார்கள். கடற்படையிலும் அரசுக் கடனிலும் கைவைக்க மாட்டேன் என்று ஜெஃபர்சன் தரப்பு தனக்கு வாக்குக் கொடுத்ததாகப் பேயர்ட் பின்னாளில் சொன்னார். ஜெஃபர்சன் அதைக் கடைசிவரை மறுத்தார்.

இனி இந்த வம்பே வேண்டாம் என்று 1803-ல் திருத்த மசோதா வந்தது. சாரம் ஒரே வரிதான்: தேர்வாளர் அதிபருக்கு ஒரு சீட்டும் துணை அதிபருக்கு இன்னொரு சீட்டும் தனித்தனியாக எழுத வேண்டும். ரிபப்ளிகன்களின் அவசரத்துக்குக் காரணம் இருந்தது. 1804-ல் தோற்பது உறுதி என்று தெரிந்தால், ஃபெடரலிஸ்டுகள் தங்கள் ஓட்டுகளை ரிபப்ளிகன் துணை அதிபர் வேட்பாளருக்கே போட்டு அவரை அதிபராக்கிவிட முடியும். செனட்டில் 22-க்கு 10. சபையில் 84-க்கு 42. சபாநாயகர் நத்தானியேல் மேக்கன் தன் ஓட்டையும் போட்ட பிறகுதான் மூன்றில் இரண்டு பங்கு நிறைந்தது.

எதிர்த்துப் பேசிய ஃபெடரலிஸ்டுகள் ஓர் எச்சரிக்கை விடுத்தார்கள். இனிமேல் துணை அதிபர் பதவிக்குத் தகுதி பார்க்க மாட்டார்கள். எந்த மாநில ஓட்டு வேண்டுமோ அந்த மாநிலத்து ஆளுக்கு அதை விலையாகக் கொடுப்பார்கள் என்றார்கள். அது அப்படியே பலித்தது. 1840-ல் தெற்கத்திய ஓட்டுக்காக விக் கட்சி ஜான் டைலரைச் சேர்த்துக்கொண்டது. அதிபராக ஜெயித்த ஹாரிசன் பதவியேற்ற ஒரே மாதத்தில் இறந்துபோக, டைலர் அதிபரானார். அவர் தன் கட்சியின் மசோதாக்களையே தள்ளுபடி செய்ய, அவர் அதிபரான அந்த வருடமே கட்சி அவரை வெளியே அனுப்பியது.

1804 செப்டம்பரில் திருத்தம் அமலுக்கு வந்ததாக அறிவிப்பு வெளியானது. அதைப் பார்க்க ஹாமில்டன் உயிரோடு இல்லை. ஜூலை 11 அன்று வீஹாக்கனில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் துணை அதிபர் பர் அவரைச் சுட்டார். மறுநாள் அவர் இறந்தார். அந்த வருடத் தேர்தலில் பர்ருக்குக் கட்சியில் இடமில்லை. ஜெஃபர்சனும், துணை அதிபர் பதவிக்கு நின்ற ஜார்ஜ் கிளிண்டனும் தலா 162 ஓட்டு வாங்கினார்கள். அதே சமநிலைதான், இப்போது யாருக்கும் குழப்பமில்லை.

இந்தத் திருத்தம் எதைத் தொட்டது என்பதைவிட எதைத் தொடவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. அடிமைகளை ஐந்துக்கு மூன்றாகக் கணக்கிட்டுத் தென்மாநிலங்கள் கூடுதல் தேர்வாளர்களைப் பெற்று வந்தன. ஜெஃபர்சனின் வெற்றிக்கு அது பக்கபலம். அதைத் தொடவில்லை. பெரும்பான்மை கிடைக்காவிட்டால் மாநிலத்துக்கு ஒரு ஓட்டு என்ற விதியும் நின்றது. 1824-ல் ஆண்ட்ரூ ஜாக்சன் 99 ஓட்டோடு முதலிடத்தில் வந்தும், 84 வாங்கிய ஜான் குவின்சி ஆடம்ஸைச் சபை அதிபராக்கியது அந்த விதியால்தான். செனட் தலைவர் உறைகளைப் பிரிப்பார், ஓட்டுகள் எண்ணப்படும் என்ற பழைய வாசகத்தையும் அப்படியே எடுத்து எழுதினார்கள். சிக்கலான தாள் வந்தால் யார் தீர்ப்புச் சொல்வது? ஜார்ஜியா தாளைப் பார்த்த ஜெஃபர்சன் ஆட்சியிலேயே பதில் எழுதியிருக்கலாம். எழுதவில்லை. 2021 ஜனவரி 6 அன்று தேர்தல் முடிவை மாற்றச் சொல்லித் துணை அதிபர் மைக் பென்ஸை நெருக்கியவர்கள் பிடித்துத் தொங்கியது அந்த இடைவெளியைத்தான். துணை அதிபரின் வேலை வெறும் சம்பிரதாயம் என்று ஒரு சட்டம் தெளிவாகச் சொன்னது 2022-ல். அந்தச் சட்டத்தின்படி, சென்னையில் பிறந்த சியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ் 2025 ஜனவரி 6 அன்று தன் தோல்வியைத் தானே அறிவித்தார்.

1804-க்குப் பிறகு தேர்வாளர் முறையை மாற்ற நூற்றுக்கணக்கான முன்மொழிவுகள் வந்திருக்கின்றன. 1969-ல் நேரடித் தேர்தலுக்கான திருத்தம் பிரதிநிதிகள் சபையில் 338-க்கு 70 என்று ஜெயித்து, மறு வருடம் செனட்டில் முடங்கியது. தேர்வாளர் ஓட்டுப் போடும் முறையை மாற்றிய திருத்தம் இன்றுவரை ஒன்றுதான். அதுவும், ஜெயித்த கட்சிக்கு அடுத்த முறை தானே மாட்டிக்கொள்வோம் என்ற பயம் வந்ததால் நிறைவேறியது.