குடுவைத் தாவரம்: மரபும் பரிணாமமும்

குடுவைத் தாவரம் என்பது நெப்பந்தெஸ் பேரினத்தைச் சேர்ந்த, பூச்சி பிடித்து உண்ணும் கொடி. மலாயில் பெரியோக் கெரா, அதாவது குரங்குப் பானை. இலையின் நடுநரம்பு நுனியைத் தாண்டிச் சுருள்கம்பியாக நீள, அதன் முனை உப்பிக் குடுவையாகிறது. பார்ப்பவர் பூவென்றோ காயென்றோ எண்ணக்கூடும், அது இலையே. மடகாஸ்கர் முதல் நியூ கலிடோனியா வரை 170-க்கும் மேற்பட்ட இனங்கள் அறியப்பட்டுள்ளன. மலேசியத் தீபகற்பத்தின் தாழ்நிலத்தில் பரவலாக வளர்பவை ஆம்புல்லேரியா, கிராசிலிஸ், மிராபிலிஸ், ராஃப்லேசியானா என்னும் நான்கு. சிலாங்கூரின் ஜெஞ்சாரோம் வட்டாரத்தில் உள்ளது போன்ற கரிச்சதுப்பு நிலம் இவற்றுக்கு ஏற்றது. பாதி மட்கிய மரமும் தழையும் அடுக்கடுக்காகச் சேர்ந்த அந்த மண்ணில் புளிப்பு மிகுதி, நைட்ரஜன் குறைவு. வேர் தராததை இலை தேடிக்கொள்கிறது.

ஐரோப்பிய ஏடுகளில் இச்செடி 1658-இல், மடகாஸ்கரை விவரித்த ஃப்ளாக்கூரின் நூலில் முதன்முதலாக இடம்பெற்றது. அம்போன் தீவில் வாழ்ந்த ரும்ஃபியஸ், குடுவை நீரைக் கொட்டினால் மழை வரும் என்று உள்ளூர் மக்கள் நம்பியதை எழுதிவைத்தார். சிங்களத்தில் பந்துர எனப்படும் இலங்கைச் செடிக்கு லின்னேயஸ் 1753-இல் நெப்பந்தெஸ் டிஸ்டில்லட்டோரியா என்று பெயரிட்டார். 1819-இல் சிங்கப்பூரில் ராஃபிள்ஸுடன் இருந்த மருத்துவர் வில்லியம் ஜாக் கண்டெடுத்த ராஃப்லேசியானாவும் ஆம்புல்லேரியாவும், அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின் 1835-இல் அச்சேறின.

குடுவையில் விழும் பூச்சி வெறுமனே அழுகுகிறதா, செடி அதைச் செரிக்கிறதா என்ற கேள்விக்கு விடை தேடியவர் கியூ தாவரவியல் பூங்காவின் இயக்குநர் ஜோசஃப் ஹூக்கர். டார்வின் தூண்டுதலால் அவர் செய்த சோதனைகளின் விவரம் 1874-இல் பெல்ஃபாஸ்ட் நகரில் அவர் ஆற்றிய உரையில் உள்ளது. முட்டை வெண்கருவைச் சிறு கட்டிகளாக நறுக்கிக் குடுவைக்குள் இட்டார். 24 மணி நேரத்தில் அவற்றின் விளிம்புகள் கரைந்து, மேற்பரப்பு கூழாகியிருந்தது. இறைச்சித் துண்டுகள் விரைவில் சிதைந்தன. இரத்தம் உறையும்போது உண்டாகும் ஃபைப்ரின் புரதம் இரண்டு மூன்று நாட்களில் இருந்த இடம் தெரியாமல் போயிற்று. சுமார் அரை கிராம் எடையுள்ள குருத்தெலும்பு ஒரே நாளில் பாதி கூழாகி, மூன்றாம் நாள் கண்ணாடிபோலத் தெளிந்த பாகாக நின்றது. அடுத்து அவர் செய்ததே இன்றும் மெச்சத்தக்கது. குடுவை நீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, அதே பொருட்களை அதில் இட்டுப் பார்த்தார். செரிமானம் மிகவும் மந்தமாக இருந்தது. ஆகவே பெரும்பாலும் இரை விழுந்த பிறகே குடுவையின் உட்சுவர் செரிக்கும் பொருளைச் சுரக்கிறது என்று கருதினார். மறு ஆண்டு டார்வினின் பூச்சியுண்ணும் தாவரங்கள் பற்றிய நூல் வெளிவந்தது. 1877-இல் சிட்னி வைன்ஸ் அந்தச் செரிமான நொதியைப் பற்றி எழுதினார். செரிப்பவை பாக்டீரியாக்களே என்று 1890-இல் துபுவா மறுத்தார். வழக்கு நெடுநாள் நீடித்தது. புரதத்தைச் சிதைக்கும் நெப்பந்தெசின் நொதிகள் இரண்டும் 2004-இல் தனித்தனியே பிரித்தறியப்பட்டன.

இதற்கிடையே இனங்களை வகைப்படுத்தும் பணியும் நடந்தது: தாவரவியலாளர் டான்சர் 1928-இல் 65 இனங்களை வகைப்படுத்தினார்.

பூச்சியுண்ணும் தாவரங்களின் பரிணாமம் பற்றிய பார்வையை 1992-இல் மரபணு ஆய்வு திருப்பியது. ஆல்பர்ட், வில்லியம்ஸ், சேஸ் மூவரும் பசுங்கணிக மரபணு ஒன்றை ஒப்பிட்டு, பூச்சியுண்ணும் பழக்கம் ஒரே மூதாதையிடமிருந்து வரவில்லை, பல கிளைகளில் தனித்தனியே தோன்றியது என்று காட்டினர். அமெரிக்காவின் சர்ராசீனியா, ஆஸ்திரேலியாவின் செஃபலோட்டஸ் இரண்டும் தோற்றத்தில் குடுவையே என்றாலும் நெப்பந்தெஸுக்கு உறவில்லை. இலையில் பசைத்துளி ஏந்தும் டிரோசிராதான் நெருங்கிய உறவு. அதே சுற்றத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வளரும் அன்சிஸ்ட்ரோகிளேடஸ் கொடி பூச்சி உண்பதில்லை; முன்னோர் பழக்கத்தை அது கைவிட்டதாகக் கருதுகின்றனர். 2017-இல் வெளியான ஃபுக்குஷிமா குழுவினரின் ஆய்வு மேலும் வியப்பானது. நோய்க்கிருமிகளை எதிர்க்கும் பழைய புரதங்களே வெவ்வேறு குடும்பங்களில் செரிமான நொதிகளாக மாறியுள்ளன. சில இடங்களில் அமினோ அமில மாற்றங்கள்கூட ஒத்திருக்கின்றன.

பேரினத்தின் பிறப்பிடம் பற்றி ஒருமித்த கருத்து இல்லை. மடகாஸ்கர், செய்ஷெல்ஸ், இலங்கை, மேகாலயாவின் காசி மலை ஆகிய இடங்களின் இனங்கள் தொடக்கத்திலேயே பிரிந்தவை என்று 2001-இல் வெளிவந்த மெய்ம்பெர்க் குழுவினரின் ஆய்வு காட்டிற்று. இந்திய நிலத்தட்டோடு சேர்ந்து நகர்ந்துவந்த பழங்குலம் என்பர் சிலர். நூல்போல் மெல்லிய விதைகள் பின்னாளில் பரவியிருக்கலாம் என்பர் வேறு சிலர். ஐரோப்பாவில் கிடைத்த புதைபடிவ மகரந்தத்தை நெப்பந்தெஸ் எனக் கொள்வதும் ஐயத்துக்குரியதே. தென்கிழக்காசிய இனங்கள் அண்மைக்காலத்தில் விரைந்து பெருகியவை என்பதில் கருத்து வேறுபாடு குறைவு. இனங்கள் தமக்குள் எளிதில் கலக்கின்றன: ஆம்புல்லேரியாவும் ராஃப்லேசியானாவும் கலந்தது ஹூக்கரியானா, ஆம்புல்லேரியாவும் கிராசிலிஸும் கலந்தது ட்ரைக்கோகார்ப்பா.

தாழ்நில இனங்களுள் ஆம்புல்லேரியா தனித்து நிற்கிறது. மற்றவற்றின் மூடி வாய்க்கு மேல் குடைபோல் கவிந்திருக்க, இதன் சிறு மூடி பின்னால் மடங்கிக் கிடக்கிறது. உருண்டைக் குடுவைகள் தரையில் நெருங்கி, வாய் பிளந்து வானம் பார்க்கின்றன. மேலிருந்து உதிரும் இலைச்சருகு நேரே உள்ளே விழுகிறது. கொசுப்புழுக்கள் அதற்குள் வளர்கின்றன. சரவாக்கில் கட்டைவிரல் நகமளவே உள்ள தவளையொன்று இதில் முட்டையிடுவது 2010-இல் அறிவிக்கப்பட்டது. இச்செடியின் இலையிலுள்ள நைட்ரஜனில் சுமார் 36 விழுக்காடு சருகிலிருந்து வருவதாக 2003-இல் வெளியான ஆய்வொன்று கணித்தது. பூச்சி பிடிக்கும் குலத்தில் பிறந்து பாதி மரக்கறிக்குத் திரும்பிய செடி இது. இதன் குடுவையில் புளுட் என்னும் பசையரிசியும் தேங்காய்ப்பாலும் இட்டு வேகவைக்கும் உணவே லெமாங் பெரியோக் கெரா.

நெப்பந்தெஸில் ஆணும் பெண்ணும் தனித்தனிச் செடிகள். எக்ஸ்-ஒய் குரோமோசோம்களே பாலைத் தீர்மானிக்கின்றன என்று 2019-இல் கண்டறியப்பட்டது. கிராசிலிஸின் முழு மரபணுத்தொகுதி 2023-இல் வெளியாயிற்று: அதன் 80 குரோமோசோம்கள் பத்து மடங்காகப் பெருகிய பழைய தொகுதியின் எச்சம்.

இச்செடிகளுக்கு ஏற்ற கரிச்சதுப்பு நிலமோ சுருங்கிவருகிறது. சிலாங்கூரில் ஏழாயிரம் ஹெக்டேருக்கும் மேல் பரந்திருந்த கோல லங்காட் வடக்கு வனக் காப்பகத்தில் இன்று எஞ்சியிருப்பது ஆயிரத்துக்கும் குறைவு. அதில் பாதிக்கு மேற்பட்ட பகுதியின் காப்பகத் தகுதி நீக்கப்பட்டது 2021 ஆகஸ்டில் தெரியவந்தது. எதிர்ப்பு எழவே, செப்டம்பரில் சிலாங்கூர் மாநில அரசு அம்முடிவைத் திரும்பப் பெற்றது. காட்டை ஒட்டித் தெமுவான் பழங்குடியினர் வாழ்கின்றனர்.