தேயாத மைக்கட்டிகள்

காமர்ஸ் படித்துவிட்டு பேங்கில் உட்கார்ந்திருக்கும் என்னைப் போன்றவர்களுக்கு 'தேய்மானம்' என்றால் நாற்காலி, மேஜை, கம்ப்யூட்டர் மதிப்பில் வருஷா வருஷம் கழிப்பதுதான். அந்தச் சொல்லுக்கு அச்சு அசலாகப் பொருந்தும் பொருள் ஒன்று உண்டு. சீனத்து மைக்கட்டி!

நாம் சந்தனக்கட்டையை உரைப்பது போல, கல்லில் துளி தண்ணீர் விட்டு இதை உரைத்துத்தான் சீனர்கள் எழுதினார்கள். எழுத எழுதக் கட்டி தேயும். தூரிகை, மை, காகிதம், மைக்கல் ஆகிய நான்கையும் படிப்பறையின் நான்கு செல்வங்கள் என்பார்கள்.

செய்முறை கிட்டத்தட்ட நம் பாட்டிமார் கண்மைக்கு விளக்குக்கரி பிடித்த கதைதான். பைன் மரத்தை எரித்தோ, எண்ணெய் விளக்கு ஏற்றியோ புகைக்கரி சேர்ப்பார்கள். அதில் விலங்குத்தோலைக் காய்ச்சி எடுத்த பசை, வாசனைக்குக் கஸ்தூரி, பச்சைக் கற்பூரம். மாவு போலப் பிசைந்து, இடி இடியென்று இடித்து, செதுக்கிய மர அச்சில் அழுத்தி, மாதக்கணக்கில் நிழலில் உலர்த்துவார்கள். கடைசியில் சித்திரத்துக்குப் பொன் பூச்சு. அச்சு செதுக்குகிறவர் எல்லாவற்றையும் இடம் வலம் மாற்றிச் செதுக்க வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்!

இந்தத் தொழிலுக்குப் பேர் போனது அன்ஹுய் பகுதியின் ஹுய்ஜோ. 10ஆம் நூற்றாண்டில் அங்கே இருந்த ஒரு மைக் கலைஞரின் திறமையை மெச்சி, தெற்கு தாங் அரசர் தன் குடும்பப் பெயரான 'லி'யையே அவருக்குக் கொடுத்தார். லி டிங்குய் என்றுதான் இன்றும் அவரைச் சொல்கிறார்கள். கரி பிடித்தவருக்கு ராஜாவின் இனிஷியல்!

மிங் காலத்தில் போட்டி சூடு பிடித்தது. ஃபாங் யூலூ, செங் தாயூவே என்ற இரண்டு மை வியாபாரிகளும் ஜென்ம வைரிகள். தங்கள் மைக்கட்டிச் சித்திரங்களை ஆளுக்கொரு அழகான புத்தகமாகவே அச்சிட்டார்கள். செங் தன் புத்தகத்தில், இத்தாலியப் பாதிரியார் மத்தேயோ ரிச்சி கொடுத்த கிறிஸ்தவப் படங்களையும் சேர்த்துக்கொண்டார். விளம்பர யுத்தம் என்பது நம் காலத்துச் சமாச்சாரம் இல்லை.

சிங் பேரரசர்கள் காலத்தில் மைக்கட்டி அரண்மனைக் கலையாகவும் ஆகிவிட்டது. அதிகாரிகள் கறுப்பு மையில் எழுதி அனுப்புவதன் மேல் பேரரசர் சிவப்பு மையில் குறிப்பு எழுதுவார் (நம் ஆடிட்டர் ஞாபகம் வருகிறதா?). அரச துக்கம் என்றால் அதுவே நீல மை. சியென்லுங் பேரரசர் காலத்தில் பல வண்ணக் கட்டிகளை அரக்குப் பெட்டிகளில் அடுக்கி வைத்தார்கள். இவ்வளவு அழகானதை உரைக்க யாருக்கு மனசு வரும்? தேய்வதற்கென்றே பிறந்த பொருள், தேயாமலேயே சொத்தாகிவிட்டது.

இதன் உச்சம், ஹு கைவென் மைக்கடையின் 64 கட்டிகள் கொண்ட தொகுப்பு. பேரரசின் தோட்டங்களும் மண்டபங்களும் கட்டிக்கு ஒன்றாக, வெவ்வேறு வடிவத்தில். பெய்ஜிங் அருகே இருந்த யுவான்மிங்யுவான் தோட்ட அரண்மனையும் அதில் உண்டு.

1860 அக்டோபரில் பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் அந்த அரண்மனையைக் கொள்ளையடித்தன. பிறகு எல்ஜின் பிரபுவின் உத்தரவில் பிரிட்டிஷ் படை தீ வைத்தது. அந்தப் போருக்கு இந்தியாவிலிருந்தும் சிப்பாய்கள் போனார்கள். நம் மதராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவும் போயிருந்தது. கூலிக்குப் போன நம்மூர்க்காரர்கள் பெயர் எந்தக் கட்டியிலும் இல்லை, அந்த அச்சுகளைச் செதுக்கிய ஏழைத் தச்சர்களின் பெயரைப் போலவே.

மரமும் ஓடுமாக நின்ற நிஜ மண்டபங்கள் கரியாகிவிட்டன. கரியில் செய்த மண்டபங்கள் நின்றுவிட்டன. அவற்றை வார்த்த மர அச்சுகள் அன்ஹுய் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

கணக்குப் புத்தகப்படி பார்த்தால், உபயோகிக்காத மை வெறும் முடங்கிய சரக்கு. எந்தக் கவிதையும் அதிலிருந்து பிறக்கவில்லை. ஆனால் யாரோ ஒருவர் உரைக்க மனசு வராமல் எடுத்து வைத்ததால்தான், எரிந்துபோன ஒரு தோட்டத்தை இன்று உள்ளங்கையில் வைத்துப் பார்க்க முடிகிறது. இதை எந்தத் தலைப்பில் வரவு வைப்பது? எனக்குத் தெரிந்த லெட்ஜரில் அதற்குப் பக்கம் இல்லை.