ஊதியம் பெறாத கனவான்

விக்டோரியா மகாராணியார் காலத்து இங்கிலாந்தில் துடுப்பாட்டக்காரரிடையேயும் சாதி இருந்தது. பொருள் கருதாது ஆடுவோர் ‘கனவான்கள்’. கூலிக்கு ஆடுவோர் வெறும் ‘ஆட்டக்காரர்கள்’. மைதானத்துள் நுழையும் வாயில்கூட வேறு.

1848இல் பிரிஸ்டல் நகரருகே பிறந்த வைத்தியர் டபிள்யூ. ஜீ. கிரேஸ் கனவான் வகுப்பினர். 1880இல் ஓவல் மைதானத்தில் அவுஸ்திரேலியருக்கு எதிராக 152 ஓட்டங்கள் குவித்தவர். 46 வயதில் நூறாவது சதத்தை எட்டியவர். ஆயினும் 1873இல் அவுஸ்திரேலியா செல்வதற்கு அவர் பெற்ற தொகை 1,500 பவுண்! உடன் சென்ற கூலி ஆட்டக்காரருக்கோ ஆளுக்கு 170.

அவர் ஆடச் சென்ற நாட்களில் நோயாளரைக் கவனிக்கப் பதில் வைத்தியர் தேவைப்பட்டார் என்பதும் மெய்யே. 1895இல் பொதுமக்கள் ஷில்லிங் ஷில்லிங்காக வழங்கியது உட்பட, 9,000 பவுணுக்கு மேல் அவருக்குச் சேர்ந்தது. கனவான் பட்டத்துக்கு மாசு நேரவில்லை. 1915இல் கிரேஸ் மறைந்தார். அந்தப் பாகுபாடு 1962 வரை வாழ்ந்தது.