ஜாவாஸ்கிரிப்ட் மெஷின் கோடு ஆய்வு

ஜாவாஸ்கிரிப்ட் நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே, அடிக்கடி ஓடும் பகுதிகளைக் கம்பைலர் சிப்புக்கான நேரடிக் கட்டளைகளாக, அதாவது மெஷின் கோடாக, மாற்றிவிடுகிறது. அந்தக் கட்டளைகளை அச்சிட்டு வரிவரியாகப் படிப்பதே இந்த ஆய்வு. கம்பைலர் நம் நிரலைப் பற்றி என்ன நம்பிக்கொண்டிருக்கிறது என்பது வேறெங்கும் இவ்வளவு வெளிப்படையாகத் தெரியாது.

1995இல் நெட்ஸ்கேப்பில் பிரெண்டன் ஐக் இம்மொழியை உருவாக்கியபோது இன்டர்பிரட்டர் மட்டுமே இருந்தது. படிப்பதற்கு மெஷின் கோடே கிடையாது. 2008 ஆகஸ்டில் மொசில்லா, மெஷின் கோடு எழுதும் டிரேஸ்மங்கியை அறிவித்தது. செப்டம்பர் 2 அன்று குரோம் உலாவியுடன் அதன் ஜாவாஸ்கிரிப்ட் எஞ்சினான வி8 வெளிவந்தது. அதைக் கட்டிய குழுவின் தலைவர் டென்மார்க்கின் லார்ஸ் பாக். அனுமானத்தை வைத்து வேகமான கோடு எழுதுவது, அனுமானம் பொய்த்தால் அதைக் கைவிட்டுப் பழைய நிலைக்குத் திரும்புவது என்ற உத்தி வி8க்கு முந்தியது. செல்ஃப் என்ற மொழிக்காக ஊர்ஸ் ஹோல்ஸ்லேயும் உடனிருந்தவர்களும் 1992லேயே அதை விவரித்துவிட்டார்கள். அந்தக் கடன் போதிய அளவு பேசப்படவில்லை.

அருப்புக்கோட்டை கமிஷன் கடை ஒன்றில் மல்லி மூட்டைகளின் எடையைக் கூட்டும் சிறு ஃபங்ஷனை எடுத்துக்கொள்வோம். எல்லா எடையும் 40, 41 என முழு எண்கள். பல ஆயிரம் முறை ஓடியதும் வி8இன் டர்போஃபேன் கம்பைலர் அதைக் கையிலெடுக்கிறது. வி8இன் சோதனைக் கருவியான டி8இல் ‘பிரிண்ட் ஆப்ட் கோட்’ தெரிவைக் கொடுத்தால் விளைவு திரையில் விழும். கூட்டும் கட்டளை ஒன்றே ஒன்று. அதற்கு முன்னால் ஒவ்வொரு மதிப்பின் கடைசி பிட்டும் சோதிக்கப்படுகிறது: 0 என்றால் சிறு முழு எண், 1 என்றால் நினைவகத்தில் இருக்கும் ஒரு பொருளின் முகவரி. கூட்டிய பிறகு, விடை எல்லை மீறினால் வெளியேறும் தாவல் கட்டளை ஒன்று. இந்தக் காவல் வரிகளைத்தான் முதலில் படிக்க வேண்டும். 40.5 கிலோ மூட்டை ஒன்று வந்தால் போதும். பிட் சோதனை தோற்று, அந்தக் கோடு கைவிடப்படும். மறுமுறை கம்பைல் ஆகும்போது பின்னங்களைக் கூட்டும் கட்டளை வந்து உட்கார்ந்திருக்கும்.

வி8இல் 2010இல் வந்த கிராங்க்ஷாஃப்ட் கம்பைலரின் இடத்தை 2017இல் இக்னிஷன் இன்டர்பிரட்டரும் டர்போஃபேனும் பிடித்தன; 2021இல் ஸ்பார்க்பிளக், 2023இல் மேக்லெவ் என மேலும் இரு கம்பைலர்கள் சேர்ந்தன. எனவே ஒரே ஃபங்ஷனுக்கு இன்று பல கோடுகள் உண்டு. எந்தக் கம்பைலர் எழுதியது என்று பார்க்காமல் படித்தால் தவறான முடிவுக்கே போவோம். வேகச் சோதனைகளிலும் கவனம் வேண்டும்: விடை எங்கும் பயன்படாவிட்டால் கூட்டலையே கம்பைலர் நீக்கிவிடக்கூடும். அப்போது நாம் அளந்தது கூட்டலைத் திரும்பத் திரும்ப ஓட்டும் வெறும் சுற்றை (லூப்) மட்டும்தான்.

சிப் மாறினாலும் கோடு மாறும். 2021இல் ரிஸ்க்-ஃபைவ் கட்டளைத் தொகுப்பைப் பின்பற்றும் சிப்புகளுக்கும் வி8 வந்தது. சென்னை ஐஐடியின் சக்தி செயலிகள் பின்பற்றுவதும் இதே கட்டளைத் தொகுப்புதான். கூட்டல் எல்லை மீறியதைக் குறித்துவைக்கும் கொடி பிட் அதில் இல்லை. ஆகவே இன்டெல் சிப்பில் ஒரே தாவலில் முடியும் அந்தக் காவலுக்கு, இங்கே கூடுதல் கட்டளைகளால் கணக்கிட்டு ஒப்பிட வேண்டியிருக்கிறது.