வேலைக்குப் போன பெண்ணை கொரிய சினிமா எப்படிக் காட்டியது? ஒரகடத்துக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

ஷிஃப்ட் மாறும் நேரத்தில் ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் சாலையில் நின்றால், கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போவதைப் பார்க்கலாம். உள்ளே சீருடையும், கழுத்தில் அடையாள அட்டையுமாக இளம்பெண்கள். பலர் வெளிமாவட்டங்களில் இருந்து வந்து, விடுதியில் தங்கி வேலை பார்ப்பவர்கள்.

இதே பகுதியில் கொரிய உணவகங்களும் கொரிய மொழிப் பலகைகளும் கண்ணில் படும். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தியைத் தொடங்கிய பிறகு, கொரிய நிறுவனங்கள் ஒவ்வொன்றாக வந்தன.

இன்று இங்கே முதலீடு செய்யும் தென் கொரியாவிலும் ஒரு காலத்தில் கிராமத்துப் பெண்கள் இப்படித்தான் ஊரை விட்டு ஆலைக்கு வந்தார்கள். அவங்களை அந்த ஊர் சினிமா எப்படிக் காட்டியது? நம்ம சினிமா எப்படிக் காட்டியது?

போருக்குப் பிறகு என்ன நடந்தது?

கொரியப் போர் 1950-ல் தொடங்கி 1953-ல் போர் நிறுத்தத்துடன் முடிந்தது. லட்சக்கணக்கானோர் இறந்தனர். கணவனை இழந்த பெண்கள் தையல், சந்தைக் கடை, வீட்டு வேலை எனக் கிடைத்த வேலைக்கெல்லாம் போனார்கள்.

1954-ல் உள்நாட்டுப் படங்களுக்கு அரசு வரிவிலக்கு கொடுத்தது. படங்களின் எண்ணிக்கை வேகமாக உயர்ந்தது. 1955-ல் பார்க் நாம்-ஓக் 'தி விடோ' என்ற படத்தை எடுத்தார். கொரியாவின் முதல் பெண் இயக்குநர் இவர்தான். கைக்குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டே படப்பிடிப்பு நடத்தினார். படத்தின் கதையும் போரில் கணவனை இழந்த ஒரு தாயைப் பற்றியதுதான்.

வேலைக்குப் போனா குடும்பம் கெட்டுடுமா?

அடுத்த ஆண்டு வந்த 'மேடம் ஃப்ரீடம்' பெரிய வெற்றி. இயக்கியவர் ஹான் ஹியோங்-மோ. பேராசிரியரின் மனைவி ஒரு வெளிநாட்டுப் பொருள் கடையில் வேலைக்குச் சேர்கிறாள். நடன அரங்கு, புது நட்பு என வாழ்க்கை மாறுகிறது. கடைசியில் பனி கொட்டும் இரவில் தன் வீட்டு வாசலிலேயே கலங்கி நிற்கிறாள். கணவனும் ஓர் இளம் டைப்பிஸ்ட் மீது மனதைப் பறிகொடுத்தவன்தான். ஆனா வாசலில் நிற்பது மனைவி மட்டும்.

1960-ல் கிம் கி-யங் எடுத்த 'தி ஹவுஸ்மெய்ட்' இன்னும் கடுமையானது. ஆலைப் பெண்களுக்குப் பாட்டு சொல்லிக்கொடுக்கும் ஒரு பியானோ ஆசிரியர். புது வீட்டுக்காக ஓயாமல் தையல் மிஷின் ஓட்டும் மனைவி. ஓர் ஆலைத் தொழிலாளி மூலமாக வீட்டு வேலைக்கு வரும் இளம்பெண், அந்தக் குடும்பத்தையே ஆட்டிப்படைக்கிறாள். பிழைப்பு தேடி நகரத்துக்கு வந்த ஏழைப் பெண், இங்கே நடுத்தர வர்க்கத்தின் பயமாக மாறிவிட்டாள். 'பாரசைட்' இயக்குநர் போங் ஜூன்-ஹோ தன்னைப் பாதித்த படமாகச் சொல்வது இதைத்தான்.

1975-ல் வந்த 'யோங்-ஜாவின் பொற்காலம்' படத்தில் கிராமத்துப் பெண் வீட்டு வேலை, தையல், பஸ் கண்டக்டர் என ஒவ்வொரு வேலையாக மாறுகிறாள். விபத்தில் ஒரு கையை இழக்கிறாள். கடைசியில் பாலியல் தொழிலுக்குத் தள்ளப்படுகிறாள். பார்க் சுங்-ஹீயின் சர்வாதிகார ஆட்சியில் தணிக்கை கடுமையாக இருந்தது. பெண்ணின் கண்ணீரைக் காட்ட முடிந்தது. சம்பளம், சங்கம் பற்றிப் பேசுவதுதான் கஷ்டம்.

நிஜத்தில் அந்தப் பெண்கள் என்ன செய்தார்கள்?

1979 ஆகஸ்டில், விக் தயாரிக்கும் ஓர் ஆலை மூடப்படுவதை எதிர்த்து, அதன் பெண் தொழிலாளர்கள் சியோலில் எதிர்க்கட்சி அலுவலகத்திலேயே உள்ளிருப்புப் போராட்டம் நடத்தினர். போலீஸ் புகுந்து அவர்களை வெளியேற்றியது. ஓர் இளம் தொழிலாளி உயிரிழந்தார். நாட்டின் அரசியல் கொதித்தது. இரண்டே மாதங்களில் அதிபர் பார்க் சுங்-ஹீ தன் உளவுத்துறைத் தலைவராலேயே சுட்டுக்கொல்லப்பட்டார்.

திரையில் பரிதாபத்துக்குரியவர்களாக வந்த பெண்கள், நிஜத்தில் வரலாற்றை அசைத்தவர்கள். அவர்களே தங்கள் வேலையைப் பற்றிப் பேசும் 'ஃபேக்டரி காம்ப்ளெக்ஸ்' ஆவணப்படம் 2015 வெனிஸ் பியனாலேயில் வெள்ளிச் சிங்கம் விருது பெற்றது.

தமிழ் சினிமா மட்டும் என்னவாம்?

1974-ல் பாலசந்தரின் 'அவள் ஒரு தொடர்கதை'யில் சுஜாதாவின் சம்பளத்தில்தான் மொத்தக் குடும்பமும் ஓடுகிறது. அதற்கு அவள் கொடுக்கும் விலை, சொந்தக் கல்யாணம். 2010-ல் வசந்தபாலனின் 'அங்காடித் தெரு'வில் ரங்கநாதன் தெரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் கனி, விபத்தில் கால்களை இழக்கிறாள். யோங்-ஜாவுக்கும் கனிக்கும் இடையில் 35 வருஷம். தண்டனை கிட்டத்தட்ட ஒன்றுதான்.

ஒரு வித்தியாசம் உண்டு. 'அங்காடித் தெரு' கனியைக் குறை சொல்லவில்லை. நின்றுகொண்டே பார்க்கும் வேலை, அவசரச் சாப்பாடு, நெருக்கியடித்துப் படுக்கும் தங்குமிடம் என அவளை வதைக்கும் வேலையைத்தான் காட்டுகிறது. 1994-ல் வந்த 'மகளிர் மட்டும்' இன்னொரு வழி. தொல்லை கொடுக்கும் மேலதிகாரியை மூன்று பெண்கள் சேர்ந்து சமாளிக்கும் நகைச்சுவை. அங்கே வேலைக்குப் போனதற்காக யாரும் தண்டிக்கப்படவில்லை.

ஒரகடத்தின் கதை எது?

2021 டிசம்பரில், விடுதிச் சாப்பாட்டால் பலருக்கு உடல்நிலை பாதிக்கப்பட்டதும், பெண் தொழிலாளர்கள் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தார்கள். ஆலை சில வாரங்கள் மூடப்பட்டது. விடுதி வசதி தேசிய அளவில் பேசுபொருளானது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதி 706.50 கோடி ரூபாயில் திறக்கப்பட்டது.

இந்தக் கதையில் விபத்தில் சிதைந்த கதாநாயகி இல்லை, வழிதவறிய மனைவி இல்லை. சாப்பாடு சரியில்லைன்னு நடுரோட்டில் உட்கார்ந்த பெண்கள் இருக்காங்க. ஷிஃப்ட் முடிஞ்சு கம்பெனி பஸ்ஸில் தூங்கிக்கொண்டே விடுதிக்குத் திரும்பும் அவர்களைப் பற்றி யாராவது படம் எடுத்தால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: வேலைக்குப் போய் அவள் எதை இழந்தாள் என்று காட்டப்போகிறோமா, எதைக் கேட்டு வாங்கினாள் என்றா?