ஆண் வேடத்தில் படித்த பெண்: ஒரு சீனக் கதையின் வரலாறு

கல்கத்தாவில் வளர்ந்த நம் பிள்ளைகளுக்குச் சீனர்கள் அந்நியர் அல்லர். பென்டிங்க் தெருவில் செருப்புக் கடை, டாங்கராவில் தோல் பதனிடும் கொட்டகைகள், பல் வைத்தியர், பெண்களுக்கான அழகு நிலையம் என்று நம் அன்றாட வாழ்க்கையில் அவர்கள் கலந்திருந்தார்கள். 1968இல் நான் எட்டாம் வகுப்புப் படித்தபோது என் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தவள் ஒரு சீனப் பெண். டிபன் வேளையில் நான் இட்லியைத் தருவேன். அவள் பதிலுக்குக் கதை சொல்வாள். அப்படிக் கேட்டதுதான் லியாங் ஷான்போ, ஜூ யிங்தாய் கதை.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, அடுப்படியில் இருந்த அம்மாவிடம் அதை ஒப்பித்தேன். ஆண் வேடம் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போன பெண், கூடப் படித்தவன் மேல் வைத்த ஆசையைச் சொல்ல முடியாமல் தவித்தது, கடைசியில் கல்லறை பிளந்தது, வண்ணத்துப்பூச்சி பறந்தது என்று கண்ணீர் மல்கச் சொல்லி முடித்தேன். அம்மா ஒன்றுதான் கேட்டார்:

“ஏண்டி, அந்தப் பொண்ணு மூணு வருசமும் முழுசாப் படிச்சுதா? இல்லே, பாதியிலே கூட்டிட்டுப் போயிட்டாங்களா?”

காதல் கதை சொன்னால் இந்த அம்மா படிப்பைப் பற்றிக் கேட்கிறாரே என்று எனக்கு அப்போது எரிச்சலாக வந்தது. அம்மா ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவர். அந்தக் கேள்வியின் கனம் எனக்குப் பிடிபட வெகுநாள் ஆயிற்று. இம்மலருக்கு ஒரு கட்டுரை கேட்டபோது, அந்தக் கேள்வியையே கையில் பிடித்துக்கொண்டு இந்தக் கதையின் வரலாற்றைத் தேடிப் பார்த்தால் என்ன என்று தோன்றியது.

கதைச் சுருக்கம்

சீனாவின் கிழக்கே, ஜெஜியாங் மாநிலத்தில் ஷாங்யூ என்ற ஊர். அங்கே ஜூ குடும்பத்துப் பெண் யிங்தாய். படிக்க ஆசை, ஆனால் வெளியூர்ப் பள்ளியில் பெண்ணுக்கு இடமில்லை. தந்தையின் சம்மதத்தை எப்படியோ பெற்று, ஆண் உடையில் ஹாங்சோ நகருக்குப் புறப்படுகிறாள். வழியில் லியாங் ஷான்போ என்ற இளைஞன் தோழனாகிறான். இருவரும் ஒரே ஆசிரியரிடம் மூன்று ஆண்டு பாடம் கேட்கிறார்கள். ஒரே அறையில் தங்குகிறார்கள். இடையில் ஒரு கிண்ணம் தண்ணீரை வைத்துக்கொண்டு தூங்குவாள் என்று ஒரு வடிவம் சொல்கிறது. மேடை வடிவத்தில், அவள் காதில் துளை இருப்பதை ஷான்போ கவனித்துவிடுகிறான். ஊர்த் திருவிழாவில் குவான்யின் தேவி வேடம் போட்டேன், அதற்காகக் குத்தியது என்று சமாளிக்கிறாள்.

வீட்டிலிருந்து அழைப்பு வருகிறது. ஷான்போ வழியனுப்ப வருகிறான். பதினெட்டு லீ தூரம், இன்றைய கணக்கில் ஏறக்குறைய 9 கிலோமீட்டர், இருவரும் நடக்கிறார்கள். சீன மேடையில் மிகவும் பேர்பெற்ற காட்சி இதுதான். ஜோடி பிரியாத வாத்துகளைக் காட்டுகிறாள் (நம் அன்றில் பறவை போலச் சீனர்க்கு அந்த வாத்து). கிணற்றில் இரண்டு நிழலையும் காட்டி, ஓர் ஆணும் ஒரு பெண்ணும் தெரிகிறார்கள் பார் என்கிறாள். கோயிலில், வா, சேர்ந்து கும்பிட்டு மணமக்கள் ஆவோம் என்கிறாள். அவனுக்கு ஒன்றும் ஏறவில்லை, கோபம்தான் வருகிறது. கடைசியில், என் வீட்டில் ஒரு தங்கை இருக்கிறாள், என்னைப் போலவே இருப்பாள், வந்து பெண் கேள் என்று சொல்லிப் பிரிகிறாள். அவன் தாமதமாக வருகிறான். அதற்குள் மா குடும்பத்துப் பையனுக்கு நிச்சயமாகிவிடுகிறது. ஷான்போ நோயில் விழுந்து இறக்கிறான். திருமண நாளன்று அவன் கல்லறை பிளக்க, அவள் உள்ளே போகிறாள். இரண்டு வண்ணத்துப்பூச்சிகள் வெளியே பறக்கின்றன.

பழைய ஏடுகள் சொல்வது

கதை நடந்ததாகச் சொல்லப்படும் காலம் கிழக்கு ஜின் அரச மரபு (கி.பி. 317 – 420). இவ்விருவரும் உண்மையில் வாழ்ந்தவர்கள் என்று உறுதிப்படுத்த அக்காலச் சான்று ஏதுமில்லை. 9ஆம் நூற்றாண்டுத் தொகுப்பு ஒன்றில் இருந்ததாகப் பிற்கால அறிஞர்கள் எடுத்துக்காட்டும் ஒரு சிறு குறிப்புத்தான் கதையை முழு உருவில் தருகிறது.

அந்தக் குறிப்பு வியப்பானது. யிங்தாய் ஆண் வேடத்தில் படிக்கப் போனாள், ஷான்போவோடு சேர்ந்து படித்தாள், முதலில் ஊர் திரும்பினாள். இரண்டு ஆண்டு கழித்து ஷான்போ அவள் வீட்டுக்குப் போய், அவள் பெண் என்று அறிந்து, எதையோ தொலைத்தவன் போல ஆனான். பிறகு அவன் இன்றைய நிங்போ பகுதிக்கு அதிகாரியாகி, நோயில் இறந்து, அங்கேயே புதைக்கப்பட்டான். அவள் மணமகளாகப் படகில் போகும்போது காற்றும் அலையும் எழுந்து படகு நின்றது. கரையில் இருப்பது அவன் கல்லறை என்று கேட்டு இறங்கி அழுதாள்; நிலம் பிளந்தது. அமைச்சர் ஷியே ஆன் அரசரிடம் விண்ணப்பித்து, அதற்கு ‘நெறி தவறாத மனைவியின் கல்லறை’ என்ற பொருள்படப் பெயர் பெற்றுத் தந்தார் என்று குறிப்பு முடிகிறது.

இதில் பள்ளிக் காலத்துக் காதல் எங்கே? ஒரு சொல்கூட இல்லை. அவன் என்ன நினைத்தான் என்று இருக்கிறது. அவள் மூன்று ஆண்டும் என்ன நினைத்தாள் என்று இல்லை. வண்ணத்துப்பூச்சியும் இல்லை. அது சுங் அரச மரபை (960 – 1279) ஒட்டித்தான் கதைக்குள் பறந்து வருகிறது. வாத்து, கிணறு, காதுத் துளை எல்லாம் பிற்காலப் பாட்டுக்காரர்களும் கூத்துக்காரர்களும் சேர்த்தவை. ஆனால், பெண் ஆண் வேடத்தில் படிக்கப் போனாள் என்ற ஒன்று அந்தச் சிறு குறிப்பிலேயே தொடக்கத்தில் இருக்கிறது. அவள் முதலில் மறைத்தது காதலை அல்ல. படிக்க வேண்டும் என்பதற்காகத் தன்னையே மறைத்தாள். காதலைப் பிறகு மறைக்க நேர்ந்ததும் அதனால்தான்: சொல்லிவிட்டால் அன்றோடு படிப்புப் போகும்.

எந்தப் பள்ளி?

ஹாங்சோ போகிறவர்களுக்கு அவர்கள் படித்த இடம் என்று வான்சுங் கல்விக்கூடத்தைக் காட்டுவார்கள். மலைச் சரிவில் மரங்களுக்கு நடுவே அழகான இடம். ஆனால் அது தொடங்கப்பட்டது 1498இல், மிங் காலத்தில். கதைக் காலத்துக்கும் அதற்கும் ஆயிரம் ஆண்டுக்கு மேல் இடைவெளி! மக்கள் நம்பிக்கைக்கு இந்தக் கணக்கெல்லாம் தடையில்லை. அதன் கட்டடங்களை 2002இல் திரும்ப எழுப்பினார்கள். அதன்பின் அங்கே நடந்ததுதான் வேடிக்கை. 2000களில் அந்தக் கல்விக்கூடம் வரன் தேடும் இடமாகப் பேர் வாங்கியது. பிள்ளையின் வயது, படிப்பு, சம்பளம் எழுதிய தாளோடு அப்பா அம்மாக்கள் கூடினார்கள். நாம் ஜாதகக் கட்டோடு அலைவதில்லையா, அதே காட்சிதான். பெற்றோர் பார்த்த வரனுக்குப் போக மறுத்து மண்ணுக்குள் போனவளின் பள்ளியில் பெற்றோரே வரன் பார்த்தார்கள்.

எங்கள் ஊர்க் கதை என்று உரிமை கோருவோரும் பலர். 2006இல் சீன அரசு வெளியிட்ட முதல் தேசிய மரபுச் செல்வப் பட்டியலில் இக்கதை இடம் பெற்றபோது, ஜெஜியாங், ஜியாங்சு, ஷான்டுங், ஹெனான் ஆகிய நான்கு மாநிலங்களைச் சேர்ந்த ஊர்கள் அதில் பங்கு பெற்றன.

பெண் எழுதியபோது

இதே ஹாங்சோவில் பிறந்தவர் சென் துவான்ஷெங் (1751 – 1796) என்ற பெண் எழுத்தாளர். ஏறத்தாழ 18 வயதில் பாட்டும் வசனமும் கலந்த நீண்ட கதை ஒன்றை எழுதத் தொடங்கினார். அதன் நாயகி மெங் லிஜுன் ஆண் வேடத்தில் அரசுத் தேர்வு எழுதி முதலிடம் பெற்று, அமைச்சராகவும் உயர்கிறாள். தந்தையும், தனக்கு நிச்சயிக்கப்பட்டவனும் அதே அரசவையில் எதிரே நிற்கிறார்கள். அவள் யாரிடமும் தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. வேடம் கலைந்தால் பதவி போகும், தண்டனை வரும். தப்பினாலும் யாரோ ஒருவரின் மனைவியாக உள்ளே போக வேண்டும். யிங்தாய் தன் காதலைக் குறிப்புகளால் சொல்லப் பார்த்தாள். லிஜுன் குறிப்புக் காட்டுவதற்கும் தயாராயில்லை.

கடைசியில் அவளை மது கொடுத்து மயக்கி, அரண்மனைப் பெண்கள் காலணியைக் கழற்றிப் பார்க்க, கட்டிய பாதம் காட்டிக் கொடுத்துவிடுகிறது. அந்த இடத்தில், 17ஆம் பகுதியோடு, சென் துவான்ஷெங் எழுதுவதை நிறுத்திவிட்டார். மீதி 3 பகுதிகளை எழுதி மங்களமாக முடித்தவர் வேறொரு பெண், லியாங் தெஷெங். முதலாமவருக்கு முடிவு எழுத ஏன் கை வரவில்லை? கெட்டிக்காரப் பெண்ணை வேடத்தோடு எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் கொண்டு போகலாம். வேடம் இல்லாமல் நிறுத்த அந்தச் சமூகத்தில் ஓரிடம் இல்லை என்பதாக எனக்குப் படுகிறது.

பெண்களே ஆண்களாக

20ஆம் நூற்றாண்டில் இக்கதையை உலகுக்குக் கொண்டு போனது ஜெஜியாங்கின் யுவே இசைநாடகம். 1906இல் ஷெங் வட்டாரத்தில் ஆண் நடிகர்களோடு பிறந்த கலை அது. 1923இல் அங்கே சிறுமிகளுக்கென்று பயிற்சிக் குழு தொடங்கி, சில பத்தாண்டுகளில் பெண்களே முழுதும் நடிக்கும் கலையாயிற்று. பெரும்பாலும் ஏழை வீட்டுப் பெண்கள். ஆக, ஆண் வேடத்திலுள்ள பெண்ணாக ஒருத்தியும், அவளை ஆண் என்று நம்பும் ஆணாக இன்னொருத்தியும் மேடையேறினார்கள். 1953இல் வண்ணப் படமாக வந்தபோது யுவான் ஷுவேஃபென் யிங்தாயாகவும், ஃபான் ருய்ஜுவான் என்ற பெண்மணி ஷான்போவாகவும் நடித்தார்கள். 1954இல் ஜெனீவா மாநாட்டுக்குப் போன பிரதமர் சூ என்லாய் அப்படத்தை அங்கே திரையிட்டார். இது சீனத்து ரோமியோ ஜூலியட் என்று சொல்லுங்கள், விளங்கும் என்று அவர் யோசனை சொன்னதாகச் செய்தி உண்டு. விளங்கியது, ஆனால் ஜூலியட் பள்ளிக்கூடம் போகவில்லையே!

1959இல் ஷாங்காய் இசைக் கல்லூரி மாணவர்கள் ஹ ஜான்ஹாவ், சென் காங் இருவரும் இக்கதையை வயலின் இசைக்கோவையாக்கினார்கள். முதலில் வாசித்தவர் யூ லினா, அதே கல்லூரியின் 18 வயது மாணவி. யிங்தாயின் குரல் வயலின். ஷான்போவின் குரல் செல்லோ. கலாசாரப் புரட்சிக் காலத்தில் (1966 – 76) ஒடுக்கப்பட்டு, பின்னர் மீண்டும் ஒலித்தது. 1963இல் ஹாங்காங்கில் வந்த படத்திலும் ஷான்போவாக நடித்தவர் ஒரு பெண்தான், ஐவி லிங் போ. தைவானில் அவரைப் பார்க்க ஜனங்கள் தெருவில் முண்டியடித்தார்கள்.

அதே நிங்போ

ஷான்போவின் கல்லறையும் கோயிலும் இருப்பதாகச் சொன்னேனே, அந்த நிங்போ நகரில்தான் 1844இல் மேரி ஆன் ஆல்டர்சி என்ற ஆங்கிலப் பெண்மணி பெண்களுக்கென்று ஒரு பள்ளி தொடங்கினார். சீன மண்ணில் முதல் பெண்கள் பள்ளி என்று பொதுவாக அதைத்தான் சொல்கிறார்கள். சீனர்களே நடத்திய பெண்கள் பள்ளி 1898இல் ஷாங்காயில் வந்தது. அரசுத் தேர்வு முறை 1905இல் ஒழிந்தது. ஒழியும்வரை அதைப் பெண்கள் எழுத முடியவில்லை. அரசு பெண்கள் பள்ளிக்கு விதிமுறை வகுத்தது 1907இல். பீகிங் பல்கலைக்கழகம் மாணவியரைச் சேர்த்தது 1920இல். வேடமில்லாமல் ஒரு யிங்தாய் ஆண்களோடு உட்கார்ந்து பாடம் கேட்க இத்தனை நூற்றாண்டு ஆயிற்று.

என் வகுப்புத் தோழியின் குடும்பம் 1970களில் கனடாவுக்குப் போய்விட்டது. அவள் போகும்போதாவது அம்மாவின் கேள்வியை அவளிடம் கேட்டிருக்கலாம், தோன்றவில்லை.

அம்மாவுக்கு வயதானபின் ஒருநாள், நான் ஏடுகளில் படித்ததைச் சொன்னேன். “மூணு வருசமும் படிச்சாம்மா. எல்லாரும் சொல்ற கணக்கு அதுதான். படிச்சு முடிச்சிட்டுத்தான் திரும்பியிருக்கா” என்றேன்.

அம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தார்.

“அப்ப சரி” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “எங்க அப்பாரு அஞ்சாவதோட நிறுத்தினப்போ, அண்ணன் சட்டையைப் போட்டுக்கிட்டு ஒருநா பள்ளிக்கூடத்து வாசல் வரைக்கும் போனேன். வாத்தியார் சிரிச்சிட்டாரு. திரும்பி வந்துட்டேன்” என்றார்.

அதுவரை எங்களில் யாருக்கும் தெரியாத செய்தி அது. நம் வீடுகளில் இப்படி எத்தனை யிங்தாய்கள் வாசல் வரை போய்த் திரும்பினார்களோ! இதைப் படிக்கும் பிள்ளைகள் ஒரு காரியம் செய்யலாம். இன்றிரவு உங்கள் பாட்டியிடமோ அத்தையிடமோ, எந்த வகுப்பு வரை படித்தீர்கள் என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். அதற்கு மேல் படிக்க என்னவெல்லாம் செய்து பார்த்தீர்கள் என்றும் கேளுங்கள்.